குடைகள் தொங்கிய மரம்: சிபில் வெத்தசிங்கவும் ஏரிக்கரையின் மறுபக்கமும்

1956 என்றதும் இலங்கைத் தமிழருக்கு நினைவுக்கு வருவது ஒரு சட்டம். அந்த ஆண்டு ஜூன் மாதம், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதை எதிர்த்துக் காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடிபட்டுத் திரும்பினார்கள். அதே ஆண்டில் சிங்களத்தில் ஒரு சிறுவர் புத்தகம் வந்தது. குடையையே கண்டிராத ஓர் ஊர், பட்டணம் போய்க் குடை வாங்கி வரும் ஒரு மனிதர், அதைக் களவெடுத்துக் கொண்டுபோகும் ஒரு திருடன். புத்தகத்தின் பெயர் ‘குட ஹொரா’, அதாவது குடைத் திருடன். எழுதியவரும் படம் வரைந்தவரும் ஒருவரே: சிபில் வெத்தசிங்க.

சட்டத்துக்கும் புத்தகத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஒன்று நாட்டைப் பிரித்தது, மற்றது பிள்ளைகளைச் சிரிக்க வைத்தது. ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. சிபிலின் புத்தகங்கள் ஜப்பானுக்கும் ஸ்கண்டினேவியாவுக்கும் போயின. அவர் வாழ்ந்த அதே கொழும்பில், அவர் படித்த பாடசாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வெள்ளவத்தைத் தமிழ் வீடுகளுக்கு மட்டும், வந்தால் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வந்தன. ஏன் என்று தேடிப் போனால் கடைசியில் அந்த ஆண்டின் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிபில் டி சில்வா 1927 ஒக்டோபர் 31ஆம் திகதி காலிக்கு அருகே கிந்தோட்டையில் பிறந்தார். கிங் கங்கை கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர் அது. சிங்களவரும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் வாழும் ஊர். (2017 நவம்பரில் அங்கே நடந்த வன்முறையால் அந்தப் பெயர் நம் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்தது. சிபில் வரைந்த கிந்தோட்டையில் அந்தக் கசப்பைத் தேட முடியாது. அவர் நினைவில் வைத்திருந்தது 1930களின் தொடக்கம்.) சின்ன வயதிலேயே குடும்பம் கொழும்புக்குக் குடிபெயர்ந்தது. பம்பலப்பிட்டி திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் படித்தார். ஆக, கிராமத்தில் அவர் வாழ்ந்தது ஐந்தாறு ஆண்டுகள்தான். மிச்சம் எண்பத்துச் சொச்சம் ஆண்டுகளும் நகரத்துக்காரி.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் அவருடைய படங்களில் பாதி விளங்கிவிடும். கிராமத்தில் வளர்ந்து முதிர்ந்தவர் கிராமத்தை வரைந்தால் அதில் கடனும் காணிச் சண்டையும் வரட்சியும் வரும். ஆறு வயதில் அதைவிட்டுப் பிரிந்தவருக்குக் கிடைத்தது வேறு: பெரியவர்களின் முழங்கால் உயரத்திலிருந்து பார்த்த உலகம். சேலை மடிப்பு, குசினிப் புகை, கொடியில் காயும் துணி, வாசற்படியில் இருந்து வெற்றிலை போடும் கிழவி, பெரிய கொண்டை, அதைவிடப் பெரிய சிரிப்பு. ‘சைல்ட் இன் மீ’ என்று ஆங்கிலத்தில் அவர் எழுதிய நினைவு நூல் முழுக்க இந்த உயரத்திலிருந்துதான் பேசுகிறது. மைக்கல் ஒந்தாச்சி தமது புக்கர் பரிசுப் பணத்தைக் கொண்டு தொடங்கிய கிரேஷன் பரிசு, 1995ஆம் ஆண்டுக்குரியது, அந்த நூலுக்குக் கிடைத்தது. ரஜீவ விஜேசிங்கவின் நூலொன்றுடன் பகிர்ந்துகொள்ளப்பட்ட பரிசு அது. சிறுவர் எழுத்தாளர் என்று ஓரத்தில் இருத்தி வைத்தவர்கள் அந்த ஆண்டு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டிருப்பார்கள்.

சித்திரத்துக்கென்று முறையான பயிற்சி எதுவும் அவர் பெறவில்லை. பதினைந்து வயதளவில் அவர் வரைந்த படங்கள் கொழும்புக் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டன. அங்கே அவற்றைப் பார்த்தவர் எச். டி. சுகதபால, றோயல் ஆரம்பப் பாடசாலையின் தலைமையாசிரியர். ‘நவ மக’ என்ற வாசிப்புப் புத்தக வரிசையைத் தயாரித்துக்கொண்டிருந்தவர். ஒரு பள்ளி மாணவியை அழைத்து, ஐந்தாம் வகுப்புப் புத்தகத்துக்கு நீ படம் போடு என்றார். இன்றைக்கு எந்தப் பாடநூல் குழுவாவது அப்படிச் செய்யுமா என்று யோசித்துப் பார்க்கலாம். குழுக்கூட்டம் முடிவதற்குள் அந்தப் பிள்ளை பல்கலைக்கழகமே முடித்துவிடும்.

பிறகு பத்திரிகை. 1948இல் டி. பி. தனபால ஆசிரியராக இருந்த ‘லங்காதீப’வில் சேர்ந்தார். பெண்கள் பத்திரிகை அலுவலகத்துக்குள் வேலைக்குப் போவது அபூர்வமாக இருந்த காலம். வாராவாரம் ஒரு நாட்டார் பாடலை எடுத்து, கட்டம் கட்டமாகப் படத்தொடராக வரைந்து கொடுத்தார். 1952இல் லேக் ஹவுஸுக்கு மாறி, ‘ஜனதா’விலும் பிறகு அந்த நிறுவனத்தின் ஏனைய சிங்கள, ஆங்கில ஏடுகளிலும் வரைந்தார். அங்கே பணியாற்றிய பத்திரிகையாளர் தர்மபால வெத்தசிங்கவைத் திருமணம் செய்தார். ‘குட ஹொரா’ முதலில் வந்ததும் அந்த 1952இல்தான், ‘ஜனதா’வின் சிறுவர் பக்கத்தில். அவர் எழுதிய முதல் சிறுவர் கதை அது. நான்கு ஆண்டுகள் கழித்துப் புத்தகமாயிற்று.

அவருடைய கோட்டைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து அச்சகத்துக்குள் ஒருமுறை போய் வருவது நல்லது. எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலம். படம் வேண்டுமென்றால் அதை நாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து ‘பிளொக்’ செய்ய வேண்டும். புகைப்படத்துக்குப் புள்ளிப் புள்ளியான பிளொக். மலிவான பத்திரிகைக் கடதாசியில் அது பெரும்பாலும் சேறாகிவிடும். கோட்டுச் சித்திரத்துக்கு அந்த வில்லங்கம் இல்லை. ஆனால் கோடு உறுதியாக இருக்க வேண்டும். மெல்லிய நிழலும் கரைந்து போகும் சாயலும் தகட்டில் நிற்கா. கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் ஒன்றுமில்லை. இடமோ ஒன்றிரண்டு பத்தி அகலம். அதுவும் மாலைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.

சிபிலின் கைக்கு இந்த நெருக்கடி பொருந்திவிட்டது. ஒரே மூச்சில் வளைந்தோடும் தடித்த கோடு. உடம்புகளுக்கு எலும்பு இருப்பதாகவே தெரியாது. தலைமயிர், தாடி, வால், கொடி எல்லாம் ஒரே ஆற்றின் கிளைகள் போல ஓடும். நிழலுக்குப் பதிலாகத் துணியின் பூவேலை: புள்ளி, கட்டம், வரி. முகங்கள் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கண் மட்டும் நம்மைப் பார்க்கும். தென்கரையின் பழைய விகாரைச் சுவர்களில், கதலுவ பூர்வாராமய போன்ற இடங்களில், இதே வகைப் பக்கவாட்டு முகங்களையும், ஒரு சம்பவத்திலிருந்து அடுத்ததற்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்லும் கதை வரிசையையும் காணலாம். அவர் அதை நேரே பார்த்துப் படித்தாரா என்பது வேறு விஷயம். அந்தக் கரையில் பிறந்த பிள்ளையின் கண்ணுக்குப் போயா நாள்தோறும் கிடைத்திருக்கக் கூடியது அது. பின்னாளில் வண்ணம் வந்தபோதும் கோடுதான் எசமானாக இருந்தது. வண்ணம் கோட்டுக்குள் வந்து குடியிருந்துவிட்டுப் போயிற்று.

இனிக் கதைக்கு வரலாம். அந்த ஊரில் மழை வந்தால் சிலர் வாழையிலையைப் பிடிப்பார்கள், சிலர் சேம்பிலையை. கிரி மாமா முதன்முதலாகப் பட்டணம் போகிறார், குடைகளைக் காண்கிறார், மலைத்துப் போகிறார், ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புகிறார். ஊருக்கு வந்து இறங்கியதும் கடையில் ஒரு கோப்பி குடிக்கப் போகிறார். குடையை வெளியே ஒளித்து வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் குடையைக் காணோம். மறுபடி பட்டணம், மறுபடி குடை, மறுபடி கோப்பி, மறுபடி களவு. ஒருநாள் மடித்த குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். குடை போன வழியெல்லாம் துண்டுகள் சிந்திக் கிடக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து காட்டுக்குள் போனால், ஒரு மரத்தில் அவருடைய குடைகள் எல்லாம் வரிசையாகத் தொங்குகின்றன. திருடன் ஒரு குரங்கு. கிரி மாமா குடைகளை எடுத்துக்கொண்டு வருகிறார், ஒன்றைத் திருடனுக்கே விட்டுவிட்டு. வந்து ஊரில் ஒரு குடைக்கடை போடுகிறார்.

இவ்வளவுதான். இதில் மந்திரக்கோல் இல்லை, தேவதை இல்லை, பேசும் மிருகம்கூட இல்லை. ஆனாலும் இது கனவுக் கதை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. காரணம் அந்த மரம். நமக்குத் தெரிந்த ஒரு பொருள், தெரியாத இடத்தில், எதிர்பாராத எண்ணிக்கையில் இருக்கிறது. அது போதும், உலகம் கொஞ்சம் சாய்ந்துவிடுகிறது. சிபிலின் கற்பனை எப்போதும் இந்த வழியில்தான் வேலை செய்யும். ‘ஓடும் தாடி’ என்று தமிழில் சொல்லக்கூடிய கதையில் பபுன் அப்புவின் தாடி வளர்ந்து, ஓடத் தொடங்கி, ஊரில் வழியில் கண்டதையெல்லாம் சுற்றிக்கொண்டு போகிறது. வேற்றுலகத்துக்குப் போவதற்குக் கதவு தேவையில்லை. வீட்டுத் திண்ணையில் இருக்கும் கிழவரின் நாடியே போதும்.

இன்னொன்று, தண்டனை. நம் பாடப்புத்தகக் கதைகளில் களவெடுத்தவன் பிடிபட்டால் அடுத்த வரியில் நீதி வந்து குந்திக்கொள்ளும். கிரி மாமா அப்படிச் செய்யவில்லை. திருடன் பங்கு என்று ஒரு குடையை வைத்துவிட்டு வருகிறார். யோசித்துப் பார்த்தால் அந்த மனிதரைக் கடைக்காரர் ஆக்கியதே திருடன்தான். ஒரே ஒரு குடை வைத்திருந்தவர் கடை போட முடியுமா? ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் பொருளாதாரம் விளங்காது, ஆனால் அந்த ஒரு குடை மரத்தில் மிஞ்சுவதில் உள்ள நியாயம் உடனே விளங்கும். நரி ஹொய்ட்டியின் கதையிலும் இதே தாராளம். கொடியில் காய்ந்த துணியை உடுத்து மனிதன் போல வேடம் போட்டுச் சாப்பாட்டுக்கு வருகிறது நரி. அந்த ஊர்ப் பெண்கள் மூவருக்கும் வந்திருப்பது நரி என்று தெரியும். தெரிந்தும் தெரியாதது போல இருந்து சோறு போடுகிறார்கள். தான் எல்லாரையும் ஏமாற்றிவிட்டதாக நரிக்குப் பெருமை.

இந்தப் பெண்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதே தென்கரைக் கொக்கலையில் பிறந்த மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் ‘மடொல் தூவ’வை எழுதினார். அது வீட்டை விட்டு ஓடிப்போகும் பையன்களின் கதை. சாகசம் என்பது வீட்டுக்கு வெளியே, தீவில், ஆற்றுக்கு அப்பால். சிபிலின் உலகத்தில் சாகசம் வீட்டுக்குத் தேடி வரும். பெண்கள் அகப்பையைக் கீழே வைக்காமலே அதைச் சமாளிப்பார்கள். சிறுவர் இலக்கியம் என்றால் பையன்கள் காட்டுக்குப் போவது என்றிருந்த காலத்தில் குசினிக் கட்டை நடுவில் கொண்டு வந்து வைத்தது பெரிய காரியம் என்றே எனக்குப் படுகிறது. விமர்சகர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ‘கிராமிய மணம்’ என்று ஒரு சொல்லைத் தூவிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

விருதுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1965இல் ‘வெசாக் விளக்கு’ கதைக்கு இசபெல் ஹட்டன் பரிசு. 1986இல் ‘குட ஹொரா’ ஜப்பானில் வெளியான சிறந்த வெளிநாட்டுச் சிறுவர் நூலாகத் தெரிவானது. அடுத்த ஆண்டு அங்குள்ள நூலகச் சங்கம் அதை மிகவும் விரும்பப்பட்ட சிறுவர் நூலாகத் தேர்ந்தது. நரிக் கதையும், பூனைகளின் நாட்டுக்கு வரும் விருந்தாளிகளின் கதையும் 1990களில் ஜப்பானியத்தில் வந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட சிறுவர் நூல்களுக்கு அவர் வரைந்திருக்கிறார். டேனிஷ், நோர்வேஜியன், சுவீடிஷ், ஜெர்மன், கொரியன், சீனம் என்று அவர் கதைகள் பரவின.

ஜப்பான் ஏன் என்று ஒரு கேள்வி எழலாம். அதிர்ஷ்டம் மட்டும் அல்ல. டோக்கியோவிலிருந்த யுனெஸ்கோ ஆசியப் பண்பாட்டு நிலையம் ஆசிய நாடுகளின் சிறுவர் நூல்களைக் கூட்டாக வெளியிடுவதிலும், 1978 முதல் நோமா போட்டி மூலம் ஆசிய, ஆபிரிக்க, லத்தீன் அமெரிக்க ஓவியர்களை ஊக்குவிப்பதிலும் ஈடுபட்டிருந்தது. மேற்கின் படப்புத்தகங்களை நிறைய மொழிபெயர்த்து முடித்த ஒரு நாடு, வேறு முகங்களைத் தேடிக்கொண்டிருந்த காலம். அங்கே போய்ச் சேர ஒரு புத்தகத்துக்கு இரண்டு தகுதி வேண்டும்: மொழி தெரியாதவருக்கும் படம் கதை சொல்ல வேண்டும், யாராவது அதை ஆங்கிலத்தில் வாசித்திருக்க வேண்டும். சிபிலுக்கு இரண்டும் இருந்தன. கிந்தோட்டை கொடுத்தது முதலாவது. பம்பலப்பிட்டிக் கன்னியர் மடம் கொடுத்தது இரண்டாவது.

இப்போது ஏரிக்கரைக்கு வருவோம். பேரா வாவிக்கரையில் நிற்கும் லேக் ஹவுஸை நம்மவர்கள் ஏரிக்கரை நிறுவனம் என்பார்கள். சிபில் வரைந்த ‘ஜனதா’வும் ஆங்கில ஏடான ‘ஒப்சேவர்’உம் அந்தக் கூரைக்குக் கீழே. 1932இல் தொடங்கிய நம்முடைய ‘தினகர’னும் அதே கூரைக்குக் கீழே. பிளொக் செய்யும் அறையும் அச்சு யந்திரமும் ஒரே நிறுவனத்துடையவை. விமர்சகர் கைலாசபதி ஆசிரியராக இருந்த நாட்களில் தினகரன் ஈழத்துச் சிறுகதைக்கும் விமர்சனத்துக்கும் களமாக இருந்ததை இன்றும் பேசுகிறோம். சிறுவருக்காக ஒரே கையில் பேனாவும் தூரிகையும் பிடித்த ஒருவர் மட்டும் அங்கிருந்து எழவில்லை.

திறமைக்கா பஞ்சம்? இல்லை. ‘சுந்தர்’ என்ற சிவஞானசுந்தரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தினகரனில் சவாரித் தம்பரையும் சின்னக்குட்டியையும் வரைந்தவர். வசனமும் அவருடையது, கோடும் அவருடையது. அந்த வசனத்தில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைப் பேச்சு அப்படியே இருந்தது. கோட்டில் அந்த ஒழுங்கையின் வேலி இருந்தது. 1963இல் கொழும்பில் ‘சிரித்திரன்’ என்ற நகைச்சுவைச் சஞ்சிகையைத் தொடங்கி, பிறகு அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். சிபிலுக்கும் அவருக்கும் கலைஞர்கள் என்ற வகையில் ஒற்றுமை நிறைய. ஆனால் சுந்தரின் வாசகர் பெரியவர். நமக்கு நகைச்சுவைக்குப் படம் தேவைப்பட்டது, தொடர்கதைக்குப் படம் தேவைப்பட்டது. பிள்ளைக்குப் பாட்டுப் போதும் என்று நினைத்துவிட்டோம்.

பாட்டில் நாம் குறைந்தவர்கள் அல்லர். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் மனப்பாடமாகச் சொல்லாத ஈழத்துப் பிள்ளை ஒரு காலத்தில் கிடையாது. 1935இலேயே ‘பிள்ளைப் பாட்டு’ என்று ஒரு தொகுப்பு வந்தது. அந்த வெருளியை எடுத்துப் பாருங்கள்: கத்தரிக்காய்த் தோட்டத்தின் நடுவே மனிதன் மாதிரி நிற்கும் ஒன்று, பயப்பட வைத்துப் பிறகு சிரிக்க வைக்கும் ஒன்று. கிரி மாமாவின் குடை மரத்துக்கு எந்த வகையிலும் குறையாத கற்பனை. ஆனால் அதை முப்பது பக்கப் படப்புத்தகமாக விரித்து, எந்த இடத்தில் பக்கம் புரள வேண்டும், எதைச் சொல்லில் மறைத்துப் படத்தில் காட்ட வேண்டும் என்று திட்டமிடுவது வேறு தொழில். நம் வழக்கத்தில் புலவர் எழுதுவார், அச்சகத்தில் யாராவது ஒருவர் மூலையில் ஒரு சித்திரம் போடுவார். பெரும்பாலும் அந்த இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை.

படத்துக்கு நாம் எங்கே போனோம்? சென்னைக்கு. அம்புலிமாமா, கண்ணன், பிறகு கோகுலம், ரத்னபாலா. வண்ண வண்ணமாகக் கப்பலேறி வந்தன. அங்கே அரசர்களும் வேதாளமும் இருந்தார்கள். பனைவடலியும் தேயிலைக் கொழுந்தும் கொழும்பு ஒழுங்கையும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது ஓர் இடைவெளி திறந்தது. வீரகேசரி அதைப் பயன்படுத்தி மலிவு விலையில் ஈழத்து நாவல்களை வெளியிட்டது, ஆயிரக்கணக்கில் விற்றது. பெரியவர்களுக்கான வாசிப்பு அந்தச் சில ஆண்டுகளில் ஒரு படி ஏறியது. சிறுவருக்கான வண்ணப் படப்புத்தகம் அதே வேகத்தில் எழவில்லை. வண்ண அச்சுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு வேண்டும், அதற்கான செலவைத் தாங்க ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும். கட்டுப்பாடு 1977க்குப் பின் தளர்ந்ததும் சென்னைச் சஞ்சிகைகள் திரும்பி வந்தன. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் தமிழ்ப் பதிப்பாளரின் கவலைகளே வேறு.

சிங்களத்தில் மட்டும் அது எப்படிச் சாத்தியமானது? சிபிலின் திறமை ஒரு பாதி. மறுபாதி, அரசகரும மொழியான ஒரு மொழிக்குக் கிடைக்கும் அடித்தளம்: நாடு முழுவதும் பாடசாலைகள், பாடநூல் வேலை, நூலகக் கொள்வனவு, தினமும் விற்கும் ஏடுகள். ஓவியர் ஒருவர் மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு வாராவாரம் கைப்பழகும் வசதி. தமிழில் எழுதுபவர் இன்றும் தம் கைப்பணத்தில் சில நூறு பிரதி அடித்து, வெளியீட்டு விழாவில் நண்பர்களிடம் விற்கிறார். அந்தப் பணத்தில் ஓவியருக்கு என்ன கொடுக்க முடியும்? இதைச் சிபில் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவருடைய சாதனையை விளக்கும்போது இந்தச் சம்பளத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் விளக்கம் பொய்யாகிவிடும்.

மொழிவழிக் கல்வியின் பங்கும் உண்டு. 1940களின் நடுவிலிருந்து ஆரம்ப வகுப்புகள் தாய்மொழிக்கு மாறின. பிறகு மேல் வகுப்புகளும். பிள்ளைகள் தம் மொழியில் படித்தது நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரே பாடசாலை வளவில் சிங்கள வகுப்பும் தமிழ் வகுப்பும் அடுத்தடுத்து இருந்தாலும் ஒன்றின் புத்தக அலுமாரி மற்றதற்குத் திறக்கவில்லை. 1956 அந்தப் பூட்டுக்கு இன்னொரு காரணத்தைக் கொடுத்தது: சிங்களம் படிப்பது என்பது தமிழ் வீடுகளில் உத்தியோகத்துக்கான கட்டாயமாகி, கட்டாயம் என்றதால் வெறுப்பாகியது. வெறுத்துக்கொண்டு படித்த மொழியில் யார் கதைப்புத்தகம் தேடுவார்? சிபிலின் பெயர் தெரியாமலே கொழும்பில் இரண்டு தலைமுறைத் தமிழர் வளர்ந்தார்கள். ‘ஒப்சேவர்’ வாங்கிய வீடுகளில் மட்டும் படமாவது கண்ணில் பட்டது. 1983க்குப் பின் ஒஸ்லோவுக்கும் கோப்பன்ஹேகனுக்கும் போன குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ, அந்த ஊர் மொழியிலேயே சிபிலை வாசிக்க வழியிருந்தது.

இப்போது நிலைமை கொஞ்சம் வேறு. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குத் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு திரளாகப் போகிறார்கள். பெற்றோர் பயிற்சிப் புத்தகங்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் தேடும்போது, பிள்ளைகள் படத்தைக் கண்டு நிற்கும் இடங்களில் சிபிலின் புத்தகங்களும் உண்டு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் முடியட்டும், பிறகு கதைப்புத்தகம் வாங்கலாம் என்று இழுத்துக்கொண்டு போகும் தாய்மாரையும் பார்க்கலாம். தமிழிலும் சிங்களத்திலும் படப்புத்தகங்களை வெளியிடும் ரூம் டு ரீட் போன்ற அமைப்புகளால் உள்ளூர்த் தமிழ் எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு ஓரளவு கிடைத்திருக்கிறது. அந்த மேசை நன்கொடைப் பணத்தில் நிற்கிறது என்பது வேறு கவலை.

கடைசிக் காலத்தில் சிபில் செய்த ஒரு வேலை இங்கே குறிப்பிடத் தக்கது. தொண்ணூறு தாண்டிய வயதில் ‘வொண்டர் கிறிஸ்டல்’ என்ற கதையை எழுதி, முடிவை எழுதாமல் விட்டார். முடிவைப் பிள்ளைகளே எழுதி அனுப்பட்டும் என்றார். ஏறத்தாழ 20,000 முடிவுகள் வந்தன. 1,250 தெரிவு செய்யப்பட்டுப் புத்தகத்தில் சேர்ந்தன. மிக அதிக மாற்று முடிவுகள் கொண்ட நூல் என்று 2020இல் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றது. கின்னஸ் சாதனைகள் என்றால் எனக்குப் பொதுவாக அலுப்பு. நீளமான நகம், பெரிய தோசை என்ற வரிசையில் இலக்கியம் போய் நிற்பதில் என்ன மகிமை? ஆனால் இது அவருடைய வாழ்நாள் முறையோடு சரியாகப் பொருந்துகிறது. ஒரு குடையைத் திருடனுக்கு விட்டுவிட்டு வந்தவர், கதையின் முடிவைப் பிள்ளைகளுக்கு விட்டதில் வியப்பில்லை. அதே ஆண்டு ஜூலை 1ஆம் திகதி, 92 வயதில் காலமானார்.

தமிழ் வீட்டில் இவரை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: ‘குட ஹொரா’வின் ஆங்கிலப் பதிப்பை வாங்குங்கள், ஆங்கிலத்தை வாசித்துக் காட்டாதீர்கள். படத்தைப் பிள்ளைக்கு முன்னால் விரித்து வைத்து, கதையை உங்கள் ஊர்த் தமிழில் சொல்லுங்கள். கிரி மாமா கோப்பிக் கடைக்குள் நுழையும் பக்கங்களில் அவசரப்பட வேண்டாம். இரண்டாவது தடவை அவர் குடையை வெளியே வைக்கும்போது பிள்ளை தானாகச் சத்தம் போடும். ஏழெட்டு வயதானால் நரிக் கதைக்குப் போகலாம். சாதாரண தரப் பரீட்சை (ஓ.எல்.) எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு ‘சைல்ட் இன் மீ’யைக் கொடுங்கள். படம் வரையும் பிள்ளையாக இருந்தால், கையில் ஒரு கறுப்புப் பேனாவையும் சேர்த்துக் கொடுங்கள். சோமசுந்தரப் புலவரின் வெருளிக்கு முகம் போட இன்னும் ஆள் தேவைப்படுகிறது.